வெல்லம் வந்துச்சி

வழக்கமா பெங்களூரு ரூம்ல போர்வையைத் தலைக்கு மேல போட்டுக்கிட்டு ரெக்கார்டு பண்ற ஆள் நான். இந்த எபிசோடை ஊரிலிருந்து பேசுறேன். எந்த ஊர்னு கேட்டா தூத்துக்குடின்னு சொல்லித்தான் பழக்கம். சரியாச் சொல்லணும்னா மாப்பிள்ளையூரணி. தூத்துக்குடியை ஒட்டி இருக்கிற பெரிய பஞ்சாயத்து. ஒரு பக்கம் கடல், ஒரு பக்கம் உப்பளம், நடுவில் நாங்கள். பின்னாடி உறுமல் சத்தம் கேட்டால் அது உப்பு லாரி. எடிட்ல எடுக்கப் பார்க்கிறேன். முழுசா போகாது.

இன்னைக்கு ஸ்டார்ட்அப் இல்லை, ஏஐ இல்லை. சின்னப் பிள்ளைகளுக்குக் கதை எழுதச் சொல்லிக் கொடுப்பது பற்றித்தான். நான் அதைத் தப்பாகச் செய்தேன். அதனால்தான் பேசுறேன்.

என் அக்கா இல்லம் தேடிக் கல்வித் திட்டத்தில் தன்னார்வலராக இருந்தவள். 2021 அக்டோபரில் தமிழ்நாடு அரசு தொடங்கிய திட்டம். கொரோனாவில் பள்ளி மூடிக் கிடந்தபோது விட்டுப்போன படிப்பை, சாயங்காலம் ஒரு மணி, ஒன்றரை மணி நேரம், அவரவர் தெருவிலேயே பிள்ளைகளை உட்கார வைத்துச் சொல்லிக் கொடுப்பார்கள். அக்காவுக்கு அது கையோடு ஒட்டிக்கொண்டது. இன்றைக்கும் எங்கள் வீட்டு வாசலில் பாய் விரித்தால் பத்துப் பதினைந்து பிள்ளைகள் வந்துவிடும். நான் வொர்க் ஃப்ரம் ஹோம்னு ஊருக்கு வந்திருந்தபோது, "நீதான் மைக்ல கதை விடுறியே, இதுகளுக்கும் கொஞ்சம் சொல்லிக் குடு"ன்னு சனிக்கிழமையை என் தலையில் கட்டினாள்.

முதல் சனிக்கிழமை 11 பிள்ளைகள். இரண்டாம் வகுப்பிலிருந்து ஐந்தாம் வகுப்பு வரை. "ஆளுக்கு ஒரு கதை எழுதுங்க, எது வேணா எழுதலாம்" என்றேன். ரொம்பப் பெருந்தன்மையா சொன்னதாக நினைப்பு. இருபது நிமிஷம் கழித்து நோட்டுகளை வாங்கிப் பார்த்தால் எட்டில் காகம். பாதிக் காகம் வடை தூக்கியது, மீதிக் காகம் குடத்தில் கல் போட்டது. இரண்டில் சிங்கமும் முயலும். எல்லாவற்றிலும் கடைசியில் "நீதி"ன்னு போட்டு, கீழே இரண்டு கோடு. ஒருத்தன் நீதியை முதலில் எழுதிவிட்டு, கதைக்கு மேலே இடம் விட்டு வைத்திருந்தான். கேட்டா, "கதை பெருசுண்ணே, நீதிதான் சுளுவு" என்கிறான்.

அவர்களைக் குறை சொல்ல முடியாது. "குறிப்புகளைக் கொண்டு கதையை விரிவாக்குக" நமக்கும்தான் வந்தது. காகம், தாகம், குடம், கூழாங்கல்னு நடுவில் கோடு போட்டுக் கொடுத்திருப்பார்கள். கோட்டை அழித்துவிட்டு "ஒரு ஊரில்"னு ஆரம்பித்தால் ஐந்து மார்க். கதை என்பது ஏற்கெனவே யாரோ எழுதி முடித்தது, நாம் அதை ஒப்பிக்கணும் என்றுதான் எனக்கும் பல வருஷம் நினைப்பு.

பதினோராவது நோட்டு மூன்றாம் வகுப்புப் படிக்கிற ஒரு பெண்ணுடையது. பெயர் சொல்லப் போவதில்லை. மூன்றே வரி. அவள் எழுதிய மாதிரியே சொல்றேன்.

வெல்லம் வந்துச்சி. எங்க ஆடு மாடிபடில ஏரி நின்னுச்சி. அப்பா வரல.

நான் செய்த முதல் காரியம், அதைச் சத்தமாக வாசித்தது. வெல்லம். ள வர வேண்டிய இடத்தில் ல. வெள்ளத்துக்குப் பதில் அச்சு வெல்லம். பின்னாலிருந்து ஒரு பையன், "வெல்லம் வந்தா நக்கித் தின்னுருக்கலாம்லா" என்றான். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அதுதான் இரண்டாவது காரியம். மூன்றாவது, பச்சைப் பேனாவை எடுத்தேன். சிவப்பு பயமுறுத்தும், பச்சை நல்லதுன்னு எங்கேயோ படித்திருந்தேன். பச்சைப் பேனாவால் வெல்லத்தை வெள்ளமாக்கி, ஏரியை ஏறியாக்கி, வந்துச்சியை வந்தது ஆக்கி, வரலவை வரவில்லை ஆக்கினேன். மூன்று வரியில் ஏழு திருத்தம். "முடிவு இல்லையேம்மா, முடிவு எழுதிட்டு வா"ன்னு நோட்டைக் கொடுத்தேன். அவள் வாங்கி மூடி வைத்துக்கொண்டாள்.

அடுத்த வாரம் அவளும் காகம் எழுதினாள். ஒரு எழுத்துப்பிழை இல்லை. கீழே நீதி, இரண்டு கோடு. நான் "வெரி குட்" போட்டேன். ஸ்டார் வேற போட்டேன்.

அன்றைக்கு ராத்திரி சாப்பிடும்போது இதைப் பெருமையாக அக்காவிடம் சொன்னேன். ஒரே வாரத்தில் முன்னேற்றம், பாரு. அக்கா முந்தின வாரத்துப் பக்கத்தையும் பார்த்திருக்கிறாள். தோசைக் கரண்டியைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டாள்: "ஏல, அவ அப்பா ஏன் வரலைன்னு கேட்டியா நீ?"

கேட்கவில்லை மக்களே. வரல, வரவில்லை. அதை மட்டும்தான் பார்த்திருக்கிறேன்.

2023 டிசம்பர் 17, 18 வெளியூர்க்காரர்களுக்கு நினைவிருக்குமோ என்னவோ. சென்னை வெள்ளம் நடந்து இரண்டு வாரம்கூட ஆகவில்லை, அடுத்து நாங்கள். காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் சுமார் 95 சென்டிமீட்டர் மழை. இந்தப் பக்கம் ஒரு வருஷம் முழுக்கப் பெய்தாலும் அவ்வளவு பெய்யாது. தாமிரபரணி கரை தாண்டியது, குளங்கள் உடைந்தன, திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குக் கிளம்பிய ரயில் நூற்றுக்கணக்கான ஆட்களோடு ஸ்ரீவைகுண்டம் ஸ்டேஷனில் நின்றுவிட்டது. சாலைகள் அறுந்தன. தூத்துக்குடி நகரத்துக்குள்ளேயே பல தெருக்களில் நாள்கணக்கில் தண்ணீர் வடியவில்லை. உப்பளங்களில் அம்பாரம் அம்பாரமாகக் குவித்திருந்த உப்பு கரைந்து போனது.

அந்தப் பெண்ணின் அப்பா லோடுமேன். லாரியோடு திருச்செந்தூர்ப் பக்கம் போனவர், சாலை அறுந்ததில் அந்தப் பக்கமே மாட்டிக்கொண்டார். போனும் இல்லை. வீட்டில் அம்மா, இந்தப் பிள்ளை, ஒரு தம்பி, ஒரு ஆடு. இதெல்லாம் அக்காவுக்குத் தெரியும். தெருவுக்கே தெரியும். அந்த மூன்று வரியில் அவ்வளவும் இருக்கு, நான்தான் படிக்கவில்லை.

நம்ம வேலையில் லிண்டர்னு ஒன்று உண்டு, தெரியாதவர்களுக்குச் சொல்றேன். கோடில் இடைவெளி சரியில்லை, பெயர் சரியில்லைன்னு கீழே கோடு போட்டுக் காட்டும். புரோகிராம் என்ன செய்யுது என்பதைப் பற்றி அதுக்குக் கவலையே கிடையாது. அந்தச் சனிக்கிழமை நான் லிண்டராக உட்கார்ந்திருந்தேன். அவ்வளவுதான் விஷயம்.

அப்புறம் கொஞ்சம் தேடிப் படித்தேன். ஆபீஸ் நேரத்திலும்தான், மேனேஜர் கேட்டுக்கிட்டிருந்தா மன்னிச்சிருங்க. சிகாகோவில் விவியன் பேலின்னு ஒரு டீச்சர், கிண்டர்கார்ட்டன் பிள்ளைகளோடு பல வருஷம் வேலை செய்தவர். 1981-ல் 'வாலீஸ் ஸ்டோரீஸ்'னு ஒரு புத்தகம் எழுதினார். எழுதத் தெரியாத பிள்ளை கதையை வாயால் சொல்லும், டீச்சர் அதன் வார்த்தையிலேயே எழுதுவார். அப்புறம் வகுப்புப் பிள்ளைகள் சேர்ந்து அந்தக் கதையை நடிப்பார்கள். முறை அவ்வளவுதான். தான் சொன்னது நடக்குது என்பதைப் பார்த்ததும் பிள்ளைக்கு அடுத்த கதை வந்துவிடும். நியூசிலாந்தில் சில்வியா ஆஷ்டன்-வார்னர்னு இன்னொருத்தர், மாவோரிப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்தவர். 1963-ல் வந்த அவருடைய 'டீச்சர்' புத்தகத்தில், பாடப்புத்தகத்து வார்த்தையை ஓரமா வைத்துவிட்டு ஒவ்வொரு பிள்ளையிடமும் "உனக்கு எந்த வார்த்தை வேணும்?"னு கேட்கிறார். பேய் என்கிறது ஒரு பிள்ளை. முத்தம் என்கிறது இன்னொன்று. அதைக் கெட்டி அட்டையில் எழுதி அந்தப் பிள்ளையின் கையிலேயே கொடுத்துவிடுவார். மறுநாள் எல்லா அட்டையையும் தரையில் கொட்டினால், தன் அட்டையைத் தானே தேடி எடுக்கணும். பயமோ ஆசையோ ஒட்டியிருக்கிற வார்த்தை ஒரே தடவையில் மனசில் நிற்கும் என்கிறார்.

அட்டையை நாங்களும் செய்தோம், கல்யாணப் பத்திரிகைகளை வெட்டி. பின்பக்கம் வெள்ளையாக இருக்குமே. எங்கள் பிள்ளைகள் கேட்ட வார்த்தைகள்: கப்பல், பாம்பு, பொரிச்ச பரோட்டா, ஆச்சி, கிரேன், போலீசு. ஒருத்தி "அளம்" என்றாள். உப்பளத்தை இங்கே அப்படித்தான் சொல்வோம். அவள் அம்மா விடியுமுன்னே அளத்துக்குப் போய்விடுவார். வெயில் ஏறுமுன் பாத்தியில் உப்பு வாரிவிடணும். இந்தப் பிள்ளை எழுந்திருக்கும்போது அம்மா வீட்டில் இருக்காது. ளவும் ழவும் குழம்புகிற பிள்ளைதான். ஆனால் அளம் என்ற வார்த்தையில் மட்டும் ஒரு நாளும் பிழை விட்டதில்லை.

இப்போ நாங்கள் செய்வதைச் சொல்றேன், வீட்டில் அக்கா பிள்ளை, அண்ணன் பிள்ளை இருக்கிறவர்கள் செய்து பார்க்கலாம். பிள்ளை சொல்லும், பெரியவர் எழுதணும். சொன்னபடியே. "போச்சி"ன்னா போச்சி. "எங்கம்மை"ன்னா எங்கம்மை. நடுவில் நாம் கேட்கிற கேள்வி ஒன்றே ஒன்று, "பெறவு?" அதுக்கு மேல் வாயைத் திறக்கக் கூடாது. இது ரொம்பக் கஷ்டம். "ஏன் அப்படிச் செஞ்சான், அது தப்பு இல்லையா?"ன்னு கேட்க நாக்கு துடிக்கும். கேட்டால் அந்த நிமிஷமே பிள்ளை நமக்குப் பிடித்த கதைக்கு மாறிவிடும். சொல்லி முடித்ததும், விரலை வார்த்தை வார்த்தையாக வைத்து அவர்களுக்கே வாசித்துக் காட்டணும். தன் வாயிலிருந்து போனது தாளிலிருந்து திரும்பி வருதுன்னு தெரிகிறபோது அவர்கள் முகத்தைப் பார்க்கணும் நீங்க. ஒரு பொடியன் தாளைத் திருப்பிப் பின்னாடி என்ன இருக்குன்னு பார்த்தான்.

அப்புறம் நடிப்பு. பாயைச் சுற்றி உட்கார்ந்துவிடுவார்கள், பாய்தான் மேடை. கதை சொன்ன பிள்ளை யார் யார் என்ன வேஷம்னு சொல்லும். பெரும்பாலும் எனக்கு மாடு.

எதைப் பற்றிக் கதைன்னு தவிக்கிறவர்களுக்கு எங்கள் ஊர்ப் பெயரே ஒரு வரம். ஊரணின்னா குடிதண்ணீர்க் குளம். அது ஏன் மாப்பிள்ளை ஊரணி? எந்த மாப்பிள்ளை? இதைக் கேட்டுவிட்டு நானும் அக்காவும் வாயை மூடிக்கொண்டோம். ஒருத்தி, மாப்பிள்ளை ஒரு தவளை, பொண்ணு வீட்டுக்காரங்களுக்குத் தெரியாது என்றாள். இன்னொருத்தன், கல்யாணத்தன்று சாப்பாட்டில் உப்பு ஜாஸ்தி, மாப்பிள்ளை ஓடிப் போய் ஊரணித் தண்ணியை மொத்தமாகக் குடித்துவிட்டான், அதனால்தான் இப்பவும் தண்ணிக் கஷ்டம் என்றான். கார்ப்பரேஷன் பொறியாளரே இவ்வளவு தெளிவாகக் காரணம் சொல்ல மாட்டார்.

நான்காம் வகுப்புப் பையன் ஒருத்தன் சொன்னதுதான் எல்லாரையும் உட்கார வைத்தது. மீன்பிடிக் குடும்பம். அப்பா இப்போ விசைப்படகில் போகிறார். தாத்தா அந்தக் காலத்தில் முத்துக்குளித்தவர். கடைசியாக இங்கே முத்துக்குளிப்பு நடந்தது 1961-ல். அதனால் அவன் அப்பாவே அதைப் பார்த்ததில்லை. இவனுக்குத் தாத்தா வாயால் வந்து சேர்ந்திருக்கு. குளிக்கிறவன் இடுப்புக் கயிற்றைப் படகில் மச்சான்தான் பிடிக்கணும், அவனுக்குத்தான் தன் அக்கா தங்கச்சி தாலி மேல் கவலை இருக்கும்னு இந்தக் கடற்கரையில் பெரியவர்கள் சொல்வார்கள். அதை வைத்துப் பையன் சொன்ன கதை, நாங்கள் எழுதிக்கொண்டபடி:

"மாப்ளைக்கும் மச்சானுக்கும் கல்யாணத்துல சண்ட. மீனு துண்டு சின்னதா வச்சிட்டாங்கன்னு. ரெண்டு பேரும் பேசல. மறுநாள் முத்து குளிக்கப் போணும். மாப்ள குதிச்சிட்டாரு. கயிறு மச்சான் கையில இருக்கு."

இங்கே நிறுத்திவிட்டான். நான் "பெறவு?" கேட்க மறந்துபோய்விட்டேன். பிள்ளைகள்தான் கத்தினார்கள்.

"மச்சான் கயித்த விடல. அவரு அக்காவ நெனச்சாரு. மாப்ள பெரிய முத்து எடுத்தாரு. அத வித்து ஊரணி வெட்டினாரு. மச்சானுக்குத்தான் மொதல்ல தண்ணி."

இவனுக்கு யார் முரண், திருப்பம், முடிவுன்னு சொல்லிக் கொடுத்தார்கள்? நான் மீடியம்ல படித்த 'ஸ்டோரி ஸ்ட்ரக்சர்' கட்டுரைகளெல்லாம் ஞாபகம் வந்து கூச்சமாக இருந்தது. இதே பையன் பள்ளி நோட்டில் எழுதியது காகம்தான்.

எல்லாம் சுமுகமா போச்சுன்னு நினைக்காதீங்க. ஒரு அம்மா வாசலில் வந்து நின்றார். அளத்தில் வேலை செய்கிறவர், காலெல்லாம் வெடிப்பு. "தம்பி, பிள்ளைகளைத் தப்புத் தப்பா எழுத விடுதியளாமே? நாங்கதான் படிக்கல. இவளாவது நாலு எழுத்து சரியா எழுதட்டும்னுதான அனுப்புதேன்." கேலியாகக் கேட்கவில்லை. பயந்து கேட்டார். சரியான எழுத்துதான் அந்த வெயிலிலிருந்து அவர் பெண் வெளியே போகிற வழி. அவரிடம் நான் விவியன் பேலியைப் பற்றிப் பேச முடியுமா?

யோசித்துப் பார்த்தால் அவர் சொல்வதும் நியாயம். தமிழில் 247 எழுத்து. அது போதாதென்று, பேசுகிற தமிழ் ஒன்று, எழுதுகிற தமிழ் வேறொன்று. ஏழு வயதுப் பிள்ளை ஒரு வரி எழுத, கதையை யோசிக்கணும், அதைப் பேச்சிலிருந்து எழுத்துத் தமிழுக்கு மாற்றணும், எந்த ல எந்த ரன்னு தேடணும். மூன்று வேலை ஒரே நேரத்தில். இதில் எதை முதலில் கைவிடும்? கதையைத்தான். ஆகவே மூன்றையும் பிரித்தோம். சனிக்கிழமை கதை, திருத்தம் கிடையாது. ஞாயிற்றுக்கிழமை அதே கதையைப் புத்தகமாக்குவது. புத்தகம்னா வேற யாரோ படிக்கப் போறாங்க, அவங்களுக்குப் புரியணும், அதனால் எழுத்து சரியாக இருக்கணும். இந்தக் காரணத்தைச் சொன்னதும் பிள்ளைகளே வந்து "அண்ணே இதுக்கு எந்த ற?"னு கேட்க ஆரம்பித்தார்கள். ஏ4 தாளை மூன்று தடவை மடித்து நடுவில் ஒரு வெட்டு வெட்டினால் எட்டுப் பக்கப் புத்தகம் வந்துவிடும். பின்னும் வேண்டாம், பசையும் வேண்டாம். யூடியூப்ல இருக்கு, பாருங்க. அந்த அம்மாவின் பெண் செய்த புத்தகத்தை அவரிடம் கொடுத்தோம். அவள் அதை வாசித்துக் காட்டினாள். அம்மா ஒன்றும் சொல்லவில்லை, ஆனால் பிள்ளையை நிறுத்தவில்லை.

பேச்சுத் தமிழ் விஷயத்தில் மட்டும் நான் இன்னும் பிடிவாதம். கி. ராஜநாராயணன் இந்த மாவட்டத்துக்காரர்தானே, கோவில்பட்டி பக்கம் இடைசெவல். பள்ளிப்படிப்பு பெரிதாகக் கிடையாது. ஊர்ப் பேச்சிலேயே எழுதினார், கரிசல் வட்டார வழக்குக்கு அகராதியே தொகுத்தார். 1991-ல் 'கோபல்லபுரத்து மக்கள்' நாவலுக்குச் சாகித்ய அகாதமி விருது கொடுத்தார்கள். அவருக்கு விருது, எங்கள் பிள்ளைக்குப் பச்சைப் பேனாவா? அதே கோவில்பட்டியில் இருக்கிற உதயசங்கர் 'ஆதனின் பொம்மை' என்ற சிறார் நாவலுக்காக 2023-ல் பால சாகித்ய புரஸ்கார் வாங்கினார். பள்ளிக் கல்வித் துறையும் சும்மா இல்லை. 2022-ல் எண்ணும் எழுத்தும் திட்டம் வந்தது. அரும்பு, மொட்டு, மலர்னு வயதை விட்டுவிட்டுப் பிள்ளையின் நிலையைப் பார்த்துச் சொல்லிக் கொடுக்கிற ஏற்பாடு. 'ஊஞ்சல்', 'தேன்சிட்டு'ன்னு பிள்ளைகளுக்குப் பத்திரிகைகள் வந்தன. பிள்ளைகளின் படைப்புகளையும் போடுகிறார்கள். கதவு திறந்துதான் இருக்கு. வாசலில் பச்சைப் பேனாவோடு நிற்கிறது என்னை மாதிரி ஆட்கள்தான்.

சரி, அந்தப் பெண்.

கிட்டத்தட்ட இரண்டு மாசம் காகம், நரி, முயல். நாங்கள் எழுதிக்கொள்கிறோம், சொல்லு என்றாலும் காகம்தான். நான் அவளிடம் மன்னிப்புக் கேட்டேன். "அன்னைக்கு எல்லார் முன்னாடியும் நான் சிரிச்சது தப்பு." தலையை மட்டும் ஆட்டினாள். ஒரு சனிக்கிழமை நான் வீட்டில் இல்லை, பல்லுக்குத் தூத்துக்குடி போயிருந்தேன். அன்றைக்கு அக்காவிடம் சொல்லியிருக்கிறாள். நான் இல்லாத நாளாகப் பார்த்து. அதுவும் சரிதான்.

அக்கா எழுதி வைத்திருந்ததை அவள் அனுமதியோடு வாசிக்கிறேன். கேட்டுத்தான் வாங்கினேன், "பேரு சொல்லக் கூடாது" என்றாள்.

"வெள்ளம் வந்துச்சி. எங்க ஆடு மாடிப்படில ஏறி நின்னுச்சி. அப்பா வரல. தம்பி பசிக்கின்னு அழுதான். அம்மா உப்பு போட்டுக் கஞ்சி குடுத்துச்சி. அப்பா வரல. ஆடு படிலயே புழுக்க போட்டுச்சி. அம்மா திட்டல. ரெண்டாம் நாளும் அப்பா வரல. மூணாம் நாளு போட்டு வந்துச்சி, அதுல அப்பா இல்ல. நாலாம் நாளு அப்பா வந்தாரு. இடுப்பு வரைக்கும் தண்ணி. தலையில ரொட்டிக் கட்டு. ஆட்டுக்குத்தான் மொதல்ல ரொட்டி குடுத்தேன். அது மொத நாள்ல இருந்து எங்கூடவே நின்னுச்சி."

ஞாயிற்றுக்கிழமை புத்தகம் செய்ய உட்கார்ந்தாள். தாளை மடித்துக் கொடுத்தேன். கொஞ்ச நேரம் பென்சிலைக் கடித்துக்கொண்டிருந்துவிட்டு என்னிடமே கேட்டாள், "அண்ணே, வெள்ளத்துக்கு எந்த ள?" ஒரு துண்டுத் தாளில் எழுதிக் கொடுத்தேன். பார்த்து எழுதினாள். மாடிப்படிக்கு ப் போட்டாள். ஏறிக்கும் கேட்டாள். வந்துச்சியை வந்தது ஆக்கலாமான்னு அவளே யோசித்து, ஒரு இடத்தில் ஆக்கினாள், இன்னொரு இடத்தில் விட்டுவிட்டாள். "வரல" வந்த மூன்று இடத்தையும் நான் வாயைத் திறக்காமல் பார்த்துக்கொண்டிருந்தேன். அவளாகவே நிமிர்ந்து, "இத மாத்த மாட்டேன்" என்றாள்.

ஏன்னு கேட்டேன்.

"தம்பி அப்படித்தான சொன்னான் அன்னைக்கு."

புத்தகம் அவர்கள் வீட்டில் டிவி மேல் இருக்கிறது. அட்டையில் ஆடு. என்னிடம் இருப்பது ஜெராக்ஸ்தான்.

லாரி வருது, இதோட நிறுத்திக்கிறேன். அடுத்த எபிசோட் பெங்களூரு போய்த்தான். வரட்டா மக்களே.